கேயூகா ஏரியைச் சுற்றி மூட்டையோடு சைக்கிள் பயணம்: எந்தத் திசையில் போவது, ரயில் தடங்களை எங்கே சேர்ப்பது?

கரையோரப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் வரும் செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியை மூன்று நாள் சைக்கிளில் சுற்றிவர எண்ணியிருக்கிறோம். நியூ ஜெர்சியிலிருந்து காரில் கேயூகா ஏரியின் தென்முனையிலுள்ள இத்தாக்கா வரை வந்து, காரை அங்கே நிறுத்திவிட்டு, கூடாரம், படுக்கை, மாற்றுத் துணி, சிறிய அடுப்பு ஆகியவற்றைப் பக்கப்பைகளில் ஏற்றிக்கொண்டு கிளம்புவதாகத் திட்டம்.

எங்கள் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். டெலவேர் அண்ட் ராரிடன் கால்வாய்க் கரையில் வாரந்தோறும் ஓட்டுகிறோம். மூட்டை இல்லாமல் ஒரே நாளில் 70 கிலோமீட்டர் ஓட்டுவது இருவருக்கும் சிரமமாக இல்லை. ஆனால் அது முழுக்கச் சமதளம். நான் வளர்ந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே மேடு என்றால் ஆற்றுப் பாலத்தில் ஏறும் ஏற்றம் மட்டுமே. ஆகவே தொடர்ந்து அரை மணி நேரம் ஏறுவது எப்படி இருக்கும் என்பதை நாங்கள் இன்னும் உடம்பால் அறிந்ததில்லை.

வரைபடத்தைப் பார்த்தபோது கேயூகா, செனிகா, கியூக்கா ஆகிய மூன்று ஏரிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், மூன்றையும் தொட்டுவிட்டு வரலாம் என்று தோன்றியது. ஏரிக்கரைச் சாலை என்பதால் பெரும்பாலும் மட்டமாகத்தான் இருக்கும் என்று நான் நினைக்க, மனைவி அதை நம்பவில்லை. இத்தாக்காவிலிருந்து கிளம்பும் பிளாக் டைமண்ட் ட்ரெயில், பென் யான் ஊரருகே இருக்கும் கியூக்கா அவுட்லெட் ட்ரெயில் என்று பழைய ரயில் பாதைகள் சைக்கிள் தடங்களாக மாறியிருப்பதையும் படித்தேன். அவற்றில் மூட்டையோடு போக முடியுமா? ஏரியை எந்தத் திசையில் சுற்றுவது நல்லது? அந்தப் பகுதியை நேரில் அறிந்தவர்கள் சொல்லும் எந்தத் தகவலும் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இத்தாக்கா வாசி:

வணக்கம் நண்பரே. உங்கள் மனைவி சந்தேகப்பட்டது சரி. இந்த ஊரில் பல ஆண்டுகளாகச் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இங்கே ஏரிக்கரைச் சாலை மட்டமாக இருக்கும் என்று நம்பிக் கிளம்பியவர்கள்தான் பாதி வழியில் துவண்டு போகிறார்கள்.

அதற்கான காரணம் நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. முன்பு இங்கே ஓடிய ஆறுகளின் பள்ளத்தாக்குகளைப் பனியுகத்தின் பனிப்பாறைகள் வடக்கிலிருந்து தெற்காக உழுது ஆழப்படுத்தின. அப்படி உண்டான நீண்ட பள்ளங்களே இன்றைய ஏரிகள். கேயூகா ஏறத்தாழ 61 கிலோமீட்டர் நீளம், 133 மீட்டர் ஆழம். அடுத்திருக்கும் செனிகா 188 மீட்டர் ஆழம். பெரிய பள்ளத்தாக்கு ஆழமாகிவிட, பக்கத்திலிருந்து வந்து சேரும் சிற்றோடைகள் மேலேயே தங்கிவிட்டன. அவை ஏரிக்குள் இறங்க வேண்டுமானால் அருவியாக விழ வேண்டும். விழுந்து விழுந்து பாறையை அறுத்து ஆழமான பிளவுகளை உண்டாக்கியிருக்கின்றன. 66 மீட்டர் உயரமுள்ள டகானக் அருவி அவற்றில் ஒன்று; நயாகராவைவிட அது சுமார் 10 மீட்டர் உயரம் அதிகம். சைக்கிள்காரருக்கு இதன் பொருள், கரையோரமாகப் போகும் சாலை ஒவ்வோர் ஓடையையும் கடப்பதற்காக இறங்கி ஏற வேண்டியிருக்கிறது என்பதே. ஒவ்வொரு தடவையும் இருபது, முப்பது மீட்டர்தான் என்றாலும், நாள் முழுக்கச் சேர்த்தால் ஒரு மலையே ஏறிய கணக்காகிவிடும். ஏரியின் தென்கோடியில் குன்றுகள் உயரம். வடக்கே போகப் போக நிலம் தாழ்ந்து சமவெளியாகிறது.

இன்னொரு காரணம் மனிதர் செய்தது. அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றிய வீரர்களுக்குக் கொடுப்பதற்காக இந்த நிலப்பரப்பை 600 ஏக்கர் துண்டுகளாகக் கட்டம் போட்டு அளந்தார்கள். ஓவிட், ரோமுலஸ், யுலிசிஸ், ஹெக்டர் என்று கிரேக்க, ரோமானியப் பெயர்கள் இங்குள்ள ஊர்களுக்கு வந்ததும் அந்த அளவையோடுதான். பிற்பாடு சாலைகள் பெரும்பாலும் அந்தக் கட்டங்களின் ஓரமாகவே போடப்பட்டன. மலையை வளைத்துப் போக வேண்டிய இடத்திலும் கோட்டைப் பிடித்தபடி நேராக ஏறுகின்றன. ஆகவே இந்தப் பகுதியில் வடக்கு தெற்காகப் போகும் சாலையை நம்பலாம், கிழக்கு மேற்காகப் போகும் சாலையை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குத் தென்பகுதியில் குறுக்கே போவதென்றால், நடுவிலிருக்கும் முதுகை முழுவதும் ஏறி இறங்கியாக வேண்டும். மூன்று ஏரிகளையும் மூன்று நாளில் மூட்டையோடு இணைக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

இந்த இடத்தில்தான் ரயில் தடங்கள் நமக்குக் கை கொடுக்கின்றன. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்புக் குறைவு. நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர் ஏற்றம் வந்தாலே சரக்கு வண்டி திணறும். அதனால் ரயில் பாதை போட்டவர்கள் கட்டத்தையும் பார்க்கவில்லை, நிலப் பத்திரத்தையும் பார்க்கவில்லை. குன்றின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு, பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, மேட்டை வெட்டி, மெல்ல மெல்ல ஏறினார்கள். பிளாக் டைமண்ட் ட்ரெயில் அப்படிப்பட்ட ஒரு பாதை. லீஹை வேலி ரயில்வே ஆந்திரசைட் என்ற கெட்டி நிலக்கரி ஏற்றிப் பணம் சேர்த்த நிறுவனம். கருப்பு வைரம் என்றால் அந்த நிலக்கரிதான். 1896 முதல் 1959 வரை ஓடிய அவர்களுடைய பிளாக் டைமண்ட் எக்ஸ்பிரஸ் என்ற பயணி ரயிலின் பெயரைத்தான் இந்தத் தடமும் சுமக்கிறது. இத்தாக்காவின் காஸ் பூங்காவில் தொடங்கி டகானக் அருவி வரை சுமார் 13.5 கிலோமீட்டர், நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சீராக ஏறுகிறது. இருபுறமும் மரங்கள், வலப்பக்கம் மரங்களுக்கு நடுவே ஆங்காங்கே ஏரி தெரியும். தரை, பொடித்த கல்லை அழுத்திப் போட்டது. 32 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமான டயர் இருந்தால் மூட்டையோடு நிம்மதியாகப் போகலாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு நாளை கேயூகாவுக்கு மட்டும் ஒதுக்குவேன். முழுச் சுற்று ஏறத்தாழ 140 கிலோமீட்டர். கடிகாரச் சுற்றில், அதாவது காலையில் பிளாக் டைமண்ட் ட்ரெயிலில் உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, டகானக்கில் 89ஆம் எண் சாலைக்கு இறங்கி, மேற்குக் கரை வழியே வடக்கே போங்கள். வண்டிகள் வலப்பக்கம் செல்லும் நாடு ஆதலால் ஏரியும் எப்போதும் உங்கள் வலப்பக்கத்திலேயே, இடையில் எதிர்ச்சாலை குறுக்கிடாமல் இருக்கும். செனிகா ஃபால்ஸ் அருகே கேயூகா ஏரி மாநிலப் பூங்காவில் கூடாரம் போட வசதி உண்டு. வார இறுதி என்றால் இடத்தை முன்பதிவு செய்துகொள்வது அவசியம். மறுநாள் வடகோடியைச் சுற்றிக்கொண்டு, 90ஆம் எண் சாலையில் யூனியன் ஸ்பிரிங்ஸ், அரோரா வழியாகத் தெற்கே இறங்கி, கிங் ஃபெரியில் 34பி சாலையைப் பிடித்து இத்தாக்கா வந்து சேரலாம்.

மூன்றாம் நாள், மூட்டைகளைக் காரிலேயே விட்டுவிட்டு, சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு பென் யானுக்குப் போங்கள். பெயர் ஒலி நெருக்கமாக இருப்பதால் கேயூகாவையும் கியூக்காவையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பென் யான் இருப்பது கியூக்காவின் வடமுனையில். அங்கிருந்து செனிகா கரையிலுள்ள டிரெஸ்டன் வரை சுமார் 11 கிலோமீட்டர் போகும் அவுட்லெட் தடத்தை நான் இந்தப் பகுதியிலேயே மிகவும் நேசிக்கிறேன். கியூக்கா ஏரியின் நீர் அங்கே 82 மீட்டர் கீழே இருக்கும் செனிகாவுக்கு இறங்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தை நம்பி ஒரு காலத்தில் மாவு ஆலைகளும் காகித ஆலைகளும் வரிசையாக இருந்தன. 1833இல் அதே கரையில் கால்வாய் வெட்டி, படகை ஒவ்வொரு படியாக இறக்குவதற்கு 20க்கும் மேற்பட்ட தொட்டிகள் கட்டினார்கள். செலவுக்கு வரவு கட்டாததால் 1877இல் கால்வாயைக் கைவிட்டு, படகை இழுத்த குதிரைகள் நடந்த அதே வரப்பின்மேல் 1884இல் ரயில் விட்டார்கள். 1972இல் ஆக்னஸ் புயலின் வெள்ளம் அந்த ரயில் பாதையை அரித்துக்கொண்டு போனது. அதன் பிறகு ஊர் மக்கள் கூடி அதைக் காப்பாற்றித் தடமாக்கினார்கள். செனிகா மில் அருவி அருகே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்று பாருங்கள்: ஆலையின் சுவர் அடித்தளமும், அதன்மேல் பாசியும், கல் இடுக்கில் வேர்விட்ட மரமும், கீழே பலகை பலகையாக அடுக்கிய பாறைமேல் வழியும் நீரும் ஒரே பார்வைக்குள் இருக்கும். இறக்கம் பென் யானிலிருந்து டிரெஸ்டனை நோக்கி. திரும்பும்போது ஏற்றம், ஆனால் நூற்றுக்கு ஒன்றுகூட வராது.

நேரம் மிச்சமிருந்தால் அங்கிருந்து கியூக்காவின் தென்முனையிலிருக்கும் ஹாமண்ட்ஸ்போர்ட்டுக்கும் காரில் போய்வரலாம். 1908ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று ஊரறிய ஒரு கிலோமீட்டருக்கு மேல் விமானம் ஓட்டிக் காட்டிய கிளென் கர்ட்டிஸ் பிறந்த ஊர் அது. அவர் தொழிலைத் தொடங்கியது சைக்கிள் பந்தய வீரராகவும் சைக்கிள் கடைக்காரராகவும். அங்கே அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

தென்றல்:

இத்தாக்கா வாசி ஐயா சொன்ன நிலவியல் விளக்கத்தோடு முழுதும் உடன்படுகிறேன். திசை விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நானும் என் தோழியும் இரண்டு முறை கேயூகாவை மூட்டையோடு சுற்றியிருக்கிறோம். முதல் முறை அவர் சொன்ன திசையில், இரண்டாம் முறை அதற்கு எதிராக. இரண்டாவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

கிழக்குக் கரையின் தென்பாதிதான் முழுச் சுற்றிலும் கடினமான பகுதி. அரோரா வரை ஏரியை ஒட்டி இதமாக வரும் சாலை, அதன் பிறகு கரையை விட்டு விலகி கிங் ஃபெரிக்கு ஏறுகிறது. அங்கிருந்து 34பி சாலை உயரத்திலேயே போய்க்கொண்டிருந்துவிட்டு, சால்மன் ஓடையின் பள்ளத்துக்குள் சட்டென்று இறங்கி, மறுபக்கம் அதே அளவு ஏறச் செய்கிறது. கடிகாரச் சுற்றில் வந்தால் இரண்டாம் நாள் பிற்பகலில், ஏற்கெனவே ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிய காலோடு, இந்த ஏற்றங்களைச் சந்திக்க வேண்டும். எதிர்த்திசையில் போனால் முதல் நாள் காலையில் நன்றாகத் தூங்கி எழுந்த உடம்போடு அவற்றை முடித்துவிட்டு, மதியத்துக்குள் அரோராவுக்கு இறங்கிவிடலாம். பிற்பகல் வெயில் ஏரியின்மேல் சாய்ந்து விழுவதைக் கிழக்குக் கரையிலிருந்து பார்த்தபடி வடக்கே போவது தனி அனுபவம். மறுநாள் மேற்குக் கரையில் திரும்பி வரும்போது, மாலையில் சூரியன் குன்றுக்குப் பின்னால் மறைந்து சாலையில் நிழல் விழுந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயணத்தின் கடைசி 13 கிலோமீட்டர் பிளாக் டைமண்ட் தடத்தில் இறக்கமாக இருக்கும். கார் இரைச்சல் ஒன்றும் இல்லாமல், மிதிக்கவே தேவையில்லாமல், சருகுமேல் டயர் உருளும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு ஊருக்குள் நுழைந்த அந்த மாலையை நாங்கள் இன்றும் பேசிக்கொள்கிறோம்.

இதற்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 89ஆம் எண் சாலை டகானக்கில் ஏரி மட்டத்துக்கே இறங்கிவிடும். ரயில் தடமோ அருவிக்கு மேலே இருக்கிறது. ஆகவே டகானக் பூங்காச் சாலையில் ஏறக்குறைய நூறு மீட்டர் உயரத்தைச் செங்குத்தாக ஏறித்தான் தடத்தைப் பிடிக்க முடியும். நாங்கள் பாதிக்கு மேல் இறங்கித் தள்ளிக்கொண்டே போனோம். அதில் குறைவு ஒன்றும் இல்லை. வழியிலேயே அருவியை எதிரிலிருந்து காட்டும் பார்வைமேடை வருகிறது, அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம். அதைத் தவிர்க்க 89லேயே இத்தாக்கா வரை போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் கடைசிப் பகுதியும் மறுபடி ஏறுகிறது, வளைவுகளும் உண்டு, பின்னால் கார்கள் வரும்.

முதல் பயணத்தில் எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். மூட்டை முழுவதையும் பின் சக்கரத்தின்மேலேயே ஏற்றியிருந்தேன். கிளம்பும் முன்பு ஊரில் ஒரு கடையில் சைக்கிளைக் கொடுத்துச் சரிபார்த்தும் வாங்கியிருந்தேன். பின்சக்கரக் கம்பிகள் தளர்ந்திருந்ததை அவர்கள் கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சால்மன் ஓடைக்கு இறங்கிவிட்டு எதிர்மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது, பின்னாலிருந்து 'டங்' என்று வீணைத் தந்தி அறுந்ததுபோல் ஒரு சத்தம். இரண்டு மிதி மிதிப்பதற்குள் சக்கரம் கோணி, பிரேக் கட்டையில் உரசத் தொடங்கிவிட்டது. செயின் பக்கத்துக் கம்பி ஒன்று தலைப்பகுதியில் ஒடிந்திருந்தது. அதைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிட்டு, பின் பிரேக்கைத் தளர்த்தி, மூட்டையில் பாதியைத் தோழியின் வண்டிக்கு மாற்றி, முன் பிரேக்கை மட்டும் நம்பி மெல்ல ஊர் வந்து சேர்ந்தோம். அன்று முதல் என் மூட்டையில் கனமான பொருள்கள், அதாவது அடுப்பு, அரிசி, கருவிகள், முன்பக்கப் பைகளில்தான் இருக்கும். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒவ்வொரு கம்பியையும் விரலால் சுண்டி ஒலியைக் கேட்டுப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்திருக்கிறது.

மேற்குக் கரை நெடுக ஒயின் தயாரிக்கும் பண்ணைகள் இருக்கின்றன. சனிக்கிழமை பிற்பகலில் அங்கிருந்து கார்கள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே சனிக்கிழமை கிழக்குக் கரை, ஞாயிறு மேற்குக் கரை என்று வைத்துக்கொண்டு, ஞாயிறன்றும் விடிந்ததும் கிளம்பிவிடுவது நல்லது. வடகோடியில் 5, 20 என்ற இரட்டை எண் கொண்ட நெடுஞ்சாலையில் சிறிது தூரம் போக வேண்டியிருக்கிறது. வண்டிகள் வேகமாகப் போகும், ஆனால் சாலையோர இடம் அகலம். அங்கேதான் மாண்டஸூமா வனவிலங்குப் புகலிடம் இருக்கிறது. செப்டம்பரில் தெற்கே வலசை போகும் நீர்ப்பறவைகள் சதுப்பு நிலத்தில் இறங்கியிருக்கும். வேடந்தாங்கலைப் பார்த்தவர்களுக்கு அந்த இரைச்சல் பழகியதாகத் தோன்றும்.

உங்கள் மனைவியிடம் ஒரு செய்தி சொல்லுங்கள். கூடாரம் போடும் பூங்காவிலிருந்து செனிகா ஃபால்ஸ் ஊர் மிக அருகில். 1848ஆம் ஆண்டு ஜூலையில் பெண்ணுரிமைக்கான முதல் மாநாடு கூடிய வெஸ்லியன் சேப்பல் அங்கேதான், தேசியப் பூங்காவின் பகுதியாக இருக்கிறது. பெண்களை விடுவித்ததில் சைக்கிள் செய்ததைப்போல் உலகில் வேறெதுவும் செய்யவில்லை என்ற கருத்தை 1896இல் சூசன் பி. அந்தோனி சொன்னார். அவர் அந்த 1848 மாநாட்டில் கலந்துகொள்ளவில்லை என்றாலும், மூட்டை ஏற்றிய என் சைக்கிளை அந்தச் சுவரோரம் நிறுத்தியபோது எனக்கு அவர் நினைவு வந்தது.

சக்கரம்:

மேலே இருவரும் வழியைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் கியரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் சமதளத்தில் ஓட்டிப் பழகியவர்கள் பெரும்பாலும் தவறு செய்வது அங்கேதான்.

உங்கள் எடை 70 கிலோ, சைக்கிள் 14, மூட்டை 16 என்று வைத்துக்கொள்ளுங்கள்; மொத்தம் 100 கிலோ. நூற்றுக்கு எட்டு என்ற ஏற்றத்தில் இந்த எடையை மேலே இழுக்க மட்டும் சுமார் 78 நியூட்டன் விசை வேண்டும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று வைத்து, மிதியை நிமிடத்துக்கு 60 சுற்றுச் சுற்றினால் வேகம் மணிக்கு 7.8 கிலோமீட்டர், அதற்கு ஏறக்குறைய 170 வாட் கொடுத்தாக வேண்டும். தொடர்ந்து இருபது நிமிடம் அதைக் கொடுப்பது பழக்கமில்லாத உடம்புக்குக் கடினம், முட்டியும் நோகும். முன்னால் 24 பல் இருந்தால் அதே மிதி வேகத்தில் மணிக்கு 5.5 கிலோமீட்டர், சுமார் 120 வாட் போதும். நடையைவிடச் சற்றே வேகம்தான் என்றாலும் உட்கார்ந்தபடியே பேசிக்கொண்டு ஏறலாம். இந்தக் கணக்கில் டயர் உராய்வைச் சேர்க்கவில்லை. அது இரண்டுக்கும் இன்னும் பத்துப் பதினைந்து வாட் கூட்டும்.

ஆகவே உங்கள் சைக்கிளில் முன்னால் இரண்டு பல்சக்கரம் மட்டும் இருந்து, சிறியது 34 பல் என்றால், பின்னால் 40 பல் வரை வைக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதற்கு டெரெய்லரையும், அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவியையும், மாற்ற வேண்டி வரலாம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே செய்துவிடுங்கள். புதிய செயின் பழகவும் கியர் கேபிள் இழுபட்டுத் தளரவும் நாளாகும்.

பிரேக் கட்டையையும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியே வைத்திருக்காமல், இரண்டையும் சில நொடிகள் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிட்டு, மறுபடி பிடியுங்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் தொடர்ந்து உரசும் சூட்டில் டியூப் வெடித்த சம்பவங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கரையோரப் பயணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று ஏரிகளை இணைக்கும் திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம். தென்றல் அவர்கள் சொன்ன திசையில், சனிக்கிழமை காலை இத்தாக்காவிலிருந்து கிழக்குக் கரை வழியே கிளம்பி, இரவு கேயூகா ஏரி மாநிலப் பூங்காவில் தங்கி, ஞாயிறு மேற்குக் கரை வழியே திரும்புவதாக முடிவு செய்திருக்கிறோம். திங்கட்கிழமை கியூக்கா அவுட்லெட். மனைவி சைக்கிள் கம்பிகளைச் சுண்டிப் பார்த்ததில் பின்சக்கரத்தில் இரண்டு மந்தமாக ஒலித்தன. இன்று மாலையே மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறோம். என் சைக்கிளில் முன்னால் 30 பல் இருப்பது தெரிந்ததும் சற்று நிம்மதி.

இன்னும் இரண்டு ஐயங்கள். மழை பெய்தால் கல்பொடித் தடத்தில் மூட்டையோடு போவது பாதுகாப்பா? நாங்கள் இருவரும் சைவம். வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இத்தாக்கா வாசி:

திசையைப் பற்றி தென்றல் எழுதியதைப் படித்த பிறகு, போன ஞாயிறு அந்தப் பக்கமாகவே நானும் ஒரு பாதி ஓட்டிப் பார்த்தேன். மூட்டையோடு போகிறவர்களுக்கு அவர் சொல்வதே சரி. நான் எப்போதும் வெறும் வண்டியில் போகிறவன் என்பதால் கடைசி நேர ஏற்றத்தின் பாரம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மழையைப் பற்றி: லேசான தூறலில் தடம் நன்றாகவே இருக்கும், ரயிலுக்காகப் போட்ட மேட்டில் தண்ணீர் தேங்குவது குறைவு. ஒரு நாள் முழுக்க ஊற்றியிருந்தால் மேல்பரப்பு இளகி, கல்பொடி அரைத்த சந்தனம்போல் குழைந்து செயினிலும் பிரேக்கிலும் ஒட்டிக்கொள்ளும். வழுக்காது, ஆனால் டயரை இழுத்துப் பிடிக்கும். அப்படி ஆனால் ஊர் சேர்ந்ததும் ஒரு புட்டி தண்ணீரைச் செயின்மேல் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் விடாமல் படுக்கப் போகாதீர்கள். காலையில் துருவும் பொடியும் சேர்ந்து அரைக்கும். தடம் சாலைகளைக் கடக்கும் இடங்களில் இறக்க வேகத்தில் வரும்போது கவனம் வேண்டும்; நின்று பார்த்துவிட்டுத்தான் கடக்க வேண்டும்.

மழை மிகவும் வலுத்துவிட்டாலோ, உடம்பு முடியாமல் போனாலோ, இத்தாக்காவைச் சுற்றி ஓடும் டீகேட் பேருந்துகளின் முன்புறத்தில் சைக்கிள் வைக்கும் தாங்கி இருக்கிறது. ஏற்றும் முன்பு பக்கப்பைகளைக் கழற்றி உள்ளே எடுத்துச் செல்லுங்கள். வார இறுதியில் பேருந்துகள் குறைவு என்பதால் நேர அட்டவணையைக் கைபேசியில் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பென் யான் பக்கம் போகும்போது இன்னொன்று. அங்கே மென்னோனைட் விவசாயிகள் குதிரை வண்டியில் போவார்கள். பின்னாலிருந்து ஓசையில்லாமல் சைக்கிள் வந்தால் குதிரை மிரளும். மணியை அடிப்பதைவிடக் குரல் கொடுத்து, வண்டியோட்டி திரும்பிப் பார்த்த பிறகு, நன்றாக விலகிக் கடந்து செல்லுங்கள். அவுட்லெட் தடத்தோரம் உயர்ந்த புல்லில் இறங்கினால் மாலையில் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். இங்கே அதனால் லைம் நோய் வருகிறது.

தென்றல்:

சாப்பாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். இத்தாக்காவில் கவலையே இல்லை. சனிக்கிழமை காலை ஏரியின் தென்கரையில், ஸ்டீம்போட் லேண்டிங் என்ற இடத்தில் உழவர் சந்தை கூடும். கிளம்பும் வழியில் பழம், ரொட்டி, தக்காளி வாங்கிக்கொள்ளலாம். அதன் பிறகு கிழக்குக் கரையில் ஊர்கள் சிறியவை, கடைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். நாங்கள் முதல் நாளுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போனோம். அரோராவில் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்லெண்ணெய் தாராளமாக விட்டிருந்ததால் மாலைவரைகூடத் தாங்கியது. இரவுக்கு ரவையும் வறுத்த பருப்பும் கலந்து எடுத்துப் போனால் ஒரே பாத்திரத்தில் உப்புமா கிண்டிவிடலாம்.

தண்ணீர்தான் முக்கியம். ஒருவருக்கு இரண்டு லிட்டராவது ஏற்றிக்கொண்டு, இத்தாக்காவை விட்டு ஏறும் முன்பே புட்டிகளை நிரப்பிவிடுங்கள். சால்மன் ஓடை ஏரியில் சேரும் இடத்தில், சாலையிலிருந்து சற்றே கீழே, மையர்ஸ் பூங்கா இருக்கிறது. எதிர்மேட்டில் ஏறத் தொடங்கும் முன்பு அங்கே இறங்கி, புட்டிகளை மறுபடி நிரப்பிக்கொண்டு, காலைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் போங்கள்.